முந்நூறு பிரதி, மூன்று வழி: தர்மபுரத்து அக்காவின் புத்தகக் கணக்கு

கடைசியில் கையில் மிஞ்சியது 2,740 ரூபா. 235,000 ரூபா போட்டு, ஒன்றரை வருசம் அங்கும் இங்கும் அலைந்து, புத்தகம் அச்சாகி, வெளியீட்டு விழாவும் முடிந்து, மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கொப்பியில் கூட்டிக் கழித்தபோது வந்த தொகை அது. "பறவாயில்லைத் தம்பி, நட்டமில்லை" என்று அக்கா சிரித்தார். அதுவும் பொய்க் கணக்கு என்று ஒரு கிழமை கழித்து நான் சொன்னபோது சிரிக்கவில்லை.

நான் கிளிநொச்சியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறவன். கலியாணக் காட், அந்தியேட்டிக் கல்வெட்டு, கோயில் நோட்டீஸ், இவற்றுக்கு நடுவில் வருசத்துக்கு ஏழெட்டுப் புத்தகம். கொப்பியோடு வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: பதிப்பகத்திடம் கொடுப்பதா, நாங்களே அடிப்பதா? வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரு ஆளின் கதையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் தர்மபுரத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஞாயிறு பத்திரிகைகளிலும் இரண்டு மூன்று சிற்றிதழ்களிலும் பதினைந்து வருசமாகக் கதை எழுதுகிறார். அதற்கு முன் எழுதியதெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் இருந்ததாம், அது 2009இல் மாத்தளன் பக்கம் எங்கேயோ போய்விட்டது. அதிலிருந்த இரண்டு கதைகளை மெனிக் பாம் முகாமில் இருந்தபோது ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். என்னிடம் கொண்டுவந்தது 14 கதை. பத்து, இடப்பெயர்வும் முகாமும். மற்ற நாலும் பிறகு நடந்தவை: நுண்கடன்காரர் கிழமைக்கிழமை வந்து வாசலில் நிற்பது, வீட்டுத்திட்டக் காசு அரைச் சுவரோடு முடிவது, அப்படி. எனக்குப் பிடித்தது அந்த நாலும்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகிற சண்டை முழுக்க அந்த நாலைப் பற்றியது.

2022 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் விலை கேட்டோம். டெமி அளவு, 160 பக்கம், 300 பிரதி, 96,000 ரூபா. சீட்டு விழட்டும், சித்திரைக்குப் பிறகு அடிப்போம் என்றார் அக்கா. சித்திரை வரும்போது நாட்டில் பேப்பரே இல்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனையைத் தள்ளிவைத்தார்கள், கொழும்பில் பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. யூனில் திரும்பக் கேட்டபோது அதே புத்தகத்துக்கு 210,000. "இண்டைக்குச் சொல்லுற விலை நாளைக்கு நிக்காது" என்று அச்சகக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அவரிலும் பிழையில்லை. சீட்டுக் காசு பாதிக்கும் காணாது. அப்போதுதான் அக்கா முதல் தடவையாகப் பதிப்பகம் என்ற சொல்லை எடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு விசயம். எங்கள் பக்கத்தில் பதிப்பகம் என்றால் என்ன என்பதே குழப்பம். 1970களில் வீரகேசரி பிரசுரம் மாதிரி ஒரு பத்திரிகை நிறுவனமே நாவலை எடுத்து, தன் செலவில் அடித்து, பேப்பர் போகிற வழியெல்லாம் கொண்டுபோய் விற்ற காலம் ஒன்று இருந்தது. வன்னிக் காட்டோரக் கிராமத்துக் கதையும் அப்படித்தான் நாடு முழுக்கப் போனது. இப்போது கொடகே போல ஒன்றிரண்டு நிறுவனங்கள் கையெழுத்துப் பிரதிப் போட்டி வைத்துத் தேர்ந்ததை வெளியிடுவதுண்டு. மற்றபடி நான் பக்கம் போட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை ஆசிரியரின் சொந்தக் காசில் வந்தவை, அட்டையில் யாருடைய பெயர் இருந்தாலும்.

அக்காவுக்கு வந்த முதல் அழைப்பும் அந்த வகைதான். கொழும்பில் ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம். 200,000 ரூபா நீங்கள் போடுங்கள், எங்கள் பெயரில் போடுகிறோம், 300 அடித்து 250 உங்களுக்கு, 50 எங்களுக்கு. திருத்துவது? அதை நீங்களே பார்த்துத் தாருங்கள். விற்பது? அந்த 50ஐ எங்கள் கடையில் வைப்போம். அப்படியானால் அக்கா வாங்குவது அவர்களுடைய பெயரை மட்டும்தான். ஐ.எஸ்.பி.என். அவர்கள் எடுப்பார்கள், அதனால் வெளியீட்டாளர் என்று பதிவாகப்போவதும் அவர்கள்தான். மறுபதிப்பும் அவர்களே என்று ஒரு வரி கடைசியில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அக்கா இரண்டு நாள் யோசித்தார், அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறதென்று. பிறகு விட்டுவிட்டார்.

இதிலே பலர் மாறி விளங்கிக்கொள்கிற ஒன்று இருக்கிறது: ஐ.எஸ்.பி.என். எடுத்தால் கதைக்கு உரிமை பதிவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது புத்தகத்துக்கு ஒரு அடையாள எண். இலங்கையில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது, 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வரும், தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதின அந்த நேரமே அது எழுதினவருக்குத்தான், பதிவு ஒன்றும் தேவையில்லை, உயிரோடு இருக்கும்வரையும் அதற்குப் பிறகு 70 வருசமும் நிற்கும். நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் ஒழியப் போகாது. ஆகவே பயப்பட வேண்டியது கையெழுத்து வைக்கிற தாளுக்கு.

சென்னை

ஓகஸ்டில் பேஸ்புக்கில் அக்காவின் கதையொன்றை வாசித்த சென்னைப் பதிப்பகக்காரர் ஒருவர் எழுதினார், தொகுப்பு இருந்தால் அனுப்பச் சொல்லி. காசு ஒன்றும் வேண்டாம். அவர்களே அடிப்பார்கள், விலையில் 10 சதவீதம் ரோயல்ரி, 20 பிரதி இலவசம், ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும். அக்கா அன்று எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

பிரதியை அனுப்புவதிலேயே ஒரு பாடு. நாங்கள் இங்கே பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்கள். அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. யுனிகோட்டுக்கு மாற்றினேன். மாற்றினால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த சொல்லெல்லாம் பொருளில்லாத தமிழாகிவிடும், கொம்பும் அரவும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குச் சரி, தேடினால் கிடைக்காது. மூன்று இரவு அதற்குப் போனது. புதிதாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து தொடக்கத்திலிருந்தே யுனிகோட்டில் அடியுங்கள்.

நவம்பரில் அவர்களுடைய ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினொரு குறிப்பு. முதலாவது குறிப்பே அந்த நாலு கதையையும் எடுத்துவிடலாம் என்பது. அக்கா போன் எடுத்துக் கேட்டார். "போர் சம்பந்தப்பட்டது வெச்சுக்கலாம் மேடம், இந்த லோன் கதைங்க இங்க கனெக்ட் ஆகாது. அத வேற புக்ல பாத்துக்கலாம்." அந்த மனிதர் மரியாதையாகத்தான் கதைத்தார், நானும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது குறிப்பு சொல்விளக்கம்: தறப்பாள், கொட்டில், அடைவு, வாங்கு, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும். அக்கா போனை வைத்துவிட்டுச் சொன்னது: "செத்த கதை எண்டால் வேணும், உயிரோட இருக்கிற கதை வேண்டாமாம்." மின்னஞ்சலின் மற்ற ஒன்பது குறிப்பையும் அவர் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

ஒப்பந்தத் தாளும் கூடவே வந்திருந்தது, ஒரே பக்கம். எல்லா வடிவத்திலும், எல்லா நாட்டிலும் வெளியிடும் உரிமை அவர்களுக்கு, காலவரை இல்லை. இதைப் பேசிக் குறைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், இந்தியாவுக்கு மட்டும், ஐந்து வருசத்துக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கவும் கூடும். எங்கள் ஆட்கள் ஒப்பந்தத்தை ஒன்றில் அப்படியே கையெழுத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போவார்கள். இடையில் ஒரு வழி இருப்பது தெரியாது. அக்கா பதிலே எழுதவில்லை. ஜனவரிக் காட்சி வந்து போனது. 2023 பெப்ரவரியில் "நன்றி, வேண்டாம்" என்று இரண்டு வரி அனுப்பினார்.

கணக்காகப் பார்த்தால் இது முட்டாள்தனம், நான் அன்றைக்கே சொன்னேன். இந்திய விலை 220 ரூபா, 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 22. முந்நூறு விற்றால் 6,600 இந்திய ரூபா, அப்போதைய மாற்றில் எங்கள் காசுக்கு முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சின்னக் காசுதான், ஆனால் கைக்காசு ஒரு சதமும் போகாது. அவருடைய பதில் வேறு பக்கத்தால் வந்தது: அந்தப் புத்தகம் கப்பல் ஏறி வந்து இங்கே கடையில் 1,300, 1,400க்கு நிற்கும், கடன் கதையில் வருகிற எங்கள் ஒழுங்கைப் பெண்கள் அதை எப்படி வாங்குவார்கள்? அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 800 ரூபாவுக்கும் அவர்கள் வாங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது, ஆனால் இரவல் வாங்கி வாசித்தார்கள்.

நாங்களே அடித்தது

காப்பை அடைவு வைத்தார். 2023 யூலையில் அச்சகம் சொன்ன விலை 174,000. பக்கம் போட்டு முடித்தால் 163 வருகிறது. பதினாறு பக்கம் ஒரு பாரம், 160 என்றால் பத்துப் பாரம் சரியாக முடியும், மூன்று பக்கம் வழிந்தால் அதற்காகத் தாளும் தகடும் கூலியும் தனியாக. எழுத்தை அரைப் புள்ளி குறைத்து, முன்னுரையில் இரண்டு பந்தியை அக்காவிடம் கெஞ்சி வெட்டி, 160க்குள் அடக்கினோம். வெட்டின பந்தியில் ஒன்று எனக்கு நன்றி சொன்னது, பரவாயில்லை.

வெளியீட்டகத்துக்கு அவர் தன் அம்மாவின் பெயரை வைத்தார். ஐ.எஸ்.பி.என். அந்தப் பெயரில் எடுத்தோம். அட்டை 8,000. எனக்கு 15,000, அது என் வழமையான கூலியில் பாதி. மண்டபம், பனர், அழைப்பிதழ், சிற்றுண்டி எல்லாம் 32,000. ஓட்டம், தபால், சில்லறை 6,000. மொத்தம் 235,000.

வெளியீட்டு விழாவைத் தெரியாதவர்களுக்கு: அதுதான் எங்கள் ஊரில் புத்தகத்தின் சந்தை. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை, பிறகு முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் வாங்குவார், அவரிடமிருந்து ஒரு தடித்த என்வலப். பிறகு சிறப்புப் பிரதி. பெயர் கூப்பிடக் கூப்பிட வரிசையாக வந்து, படம் எடுத்து, என்வலப்பைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் போவார்கள். ஒன்பதரை என்று போட்டது பத்தே முக்காலுக்குத் தொடங்கியது, ஏற்புரைக்கு அக்கா எழும்பும்போது மண்டபத்தில் பாதிக் கதிரை வெறும். அன்றைக்குப் போனது 96 பிரதி, என்வலப்பில் வந்தது 141,500. முதற்பிரதி 25,000. ஒன்றிரண்டு என்வலப்பில் 500 ரூபா, புத்தக விலையே 800. ஒன்றில் ஒன்றுமே இல்லை, ஒட்டவும் மறந்திருந்தார்கள்.

பிறகு: கனடாவிலிருக்கிற அக்காவின் தம்பி லீவில் வந்து 40 பிரதியைச் சூட்கேசில் கொண்டுபோனார், 60,000 தந்தார். அக்கா கையால் விற்றது 31, 24,800 ரூபா. கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் மூன்று கடைக்கு இருபது இருபதாகக் கொடுத்தோம், வவுனியாவுக்கு பஸ் கொண்டக்டரிடம் பார்சலாக. கடைக் கழிவு 35 சதவீதம். ஒரு வருசத்தில் அறுபதில் விற்றது 22, வந்த காசு 11,440. கிளிநொச்சிக் கடைக்காரர் அதைப் புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். அவரையும் குறை சொல்ல ஏலாது, அவருக்குச் சோறு போடுவது அந்தக் கட்டுத்தான். இலவசமாகக் கொடுத்தது 34: விமர்சகர்கள், வாசிகசாலைகள், அச்சகம் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டியவை. கட்டிலுக்குக் கீழே 39.

கூட்டினால் வரவு 237,740. இதிலிருந்துதான் அந்த 2,740.

நான் பொய் என்றது ஏனென்றால், 96 பிரதியின் விலை 76,800 மட்டும்தான். மிச்ச 64,700 புத்தகத்துக்கு வந்த காசு அல்ல, அக்காவுக்கு வந்த காசு. ரீச்சர் நல்லவ, எங்கட பிள்ளைக்குப் படிப்பிச்சவ, ஒரு உதவி. கனடாக் காசிலும் 28,000 அப்படித்தான். இரண்டையும் கழித்துப் பார்த்தால் புத்தகம் சம்பாதித்தது 145,040, நட்டம் 89,960. "அந்த அன்பும் என்ர எழுத்துக்கு வந்ததுதானே?" என்று கேட்டார். இருக்கலாம். ஆனால் இரண்டாவது புத்தகத்துக்கு அதே ஆட்களிடம் திரும்ப என்வலப் கேட்க முடியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு பிரமுகர் வீட்டுக்குப் போனபோது சோகேசில் புத்தகம் விழாவில் சுற்றின அதே மினுங்கல் தாளோடு இருந்ததை அக்காவே கண்டார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்.

ஒன்பதாவது குறிப்பு

நட்டத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. புத்தகம் வந்து மூன்றாவது மாதம் முல்லைத்தீவு ஆசிரியர் ஒருவர் அக்காவுக்குக் கடிதம் போட்டார், நல்ல கடிதம், கடைசியில் ஒரு கேள்வி. ஆறாவது கதையில் தறப்பாளுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 2009இல் நாலு வயது. அதே பிள்ளை 2019இல் ஓ.எல். எழுதுகிறது, பதினாறு வயதளவில் எழுதுகிற சாதாரண தரச் சோதனை. பதினாலு வயதிலா? அந்த வருசத்தில்தான் கதையே நிற்கிறது, அந்த வருசம் தகப்பன் காணாமல்போய்ப் பத்து ஆண்டு. மாற்றினால் கதை மாறும். நான் அதை மூன்று தரம் திருத்தினவன். நான் பார்த்தது ஒற்றுப் பிழையும் வரி உடைவும்தான், அக்கா பார்த்தது அழுகையைத்தான், வயதை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றிரவு அக்கா அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறந்து மிச்சக் குறிப்புகளை வாசித்திருக்கிறார். ஒன்பதாவது: "ஓ.எல். என்பது எந்த வயசுல எழுதற பரீட்சை? இந்தக் குழந்தைக்கு அப்ப 14தானே ஆகுது?" தெரியாத ஊர்க்காரர் என்பதாலேயே அவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. லாண்ட்மாஸ்டருக்கு அடிக்குறிப்பு கேட்ட அதே மனிதர். எனக்கு ஸ்கிரீன் ஷொட் அனுப்பி, கீழே ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது வேறு மாதிரிச் சொல்கிறேன். பதிப்பகம் அச்சடித்துத் தருவதில் பெரிய விசயமில்லை, அதை நாங்களும் செய்வோம். விற்றுத் தருவது என்பதும் வன்னியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பேச்சுத்தான். உங்களைத் தெரியாத, உங்களில் பாசமில்லாத ஒருவர் ஒவ்வொரு வரியையும் நிறுத்திக் கேள்வி கேட்பார், அதைத்தான் உண்மையான பதிப்பகம் தருகிறது. சொந்தமாக அடிக்கிறவர் அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் காசு கொடுக்கவேண்டும், மண்டபத்துக்குப் போட்ட 32,000இல் பாதியை அதற்குப் போட்டிருந்தால் போதும். அந்த நாலு கதையை விடாமல் பிடித்தது சரி, இப்போது நானும் ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடிதத்திலும் அவற்றைப் பற்றித்தான் ஒரு பக்கம் இருந்தது. மின்னஞ்சலை மூடினதுதான் பிழை, அதில் எனக்கும் பங்கு.

மின்னூல் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாக. அமேசன் கிண்டிலில் தமிழ் 2016 கடைசியிலிருந்து இருக்கிறது, கடைசிப் பிரதி என்று ஒன்று இல்லை, ரோயல்ரி 35 அல்லது 70 சதவீதம், எழுபது வேண்டுமானால் விலை 2.99 டொலருக்குக் கீழே போகக்கூடாது. அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் வேறெங்கும் மின்வடிவில் வைக்க முடியாது. அக்காவுக்கு விருப்பம் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் சும்மா வாசிக்க விடுவது, ஒரு கொப்பி தொலைந்த ஆளுக்கு அந்த ஆசை வருவது விளங்குகிறது. செலக்டில் சேர்ந்துகொண்டு அதைச் செய்ய ஏலாது என்பதால் கிண்டிலையே விட்டோம்.

இப்போது இரண்டாவது தொகுப்பு. காப்பு இன்னும் மீட்கவில்லை, அதனால் இந்த முறை டிஜிட்டலில் 100 பிரதிதான், பிரதிக்கு 750 வரும், மொத்தத்தில் 75,000. மண்டபம் இல்லை, முன்பள்ளியிலேயே ஒரு பின்னேரம். பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்க முதல் அந்த முல்லைத்தீவு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறார். சென்னைக்காரருக்கும் எழுதியிருக்கிறார்: இந்தியப் பதிப்பு மட்டும், ஐந்து வருசம், கதை ஒன்றும் எடுக்கக்கூடாது, ஆனால் கேள்வி எத்தனையும் கேட்கலாம். பதில் போன கிழமை வந்தது. "அனுப்புங்க மேடம், படிச்சுட்டு சொல்றேன். லாண்ட்மாஸ்டர்னா என்னன்னு இப்ப தெரியும்."